ஒரு கிள்ளு பழைய கூடு

எலியம்மா என்று அவளுக்குப் பேர் வைத்த புண்ணியவான் யாரென்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. ஆராய்ச்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் எலிவீட்டில் பதினேழு வருடமாகக் கூண்டு மாற்றுகிறாள். சம்பளச் சீட்டில் வேறு பேர் இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு நடந்து போய்விடுவாள்.

காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் முதல் வேலை குளியல். தலைமுடி உட்பட. அப்புறம் அங்கேயே கொடுக்கிற நீலச் சட்டை, தொப்பி, முகமூடி, இரண்டு அடுக்குக் கையுறை. வெளியிலிருந்து ஒரு கிருமிகூட உள்ளே போகக் கூடாது என்பது சட்டம். "என் கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை இப்படித் தேய்ச்சுக் குளிப்பாட்டல" என்பாள். உள்ளே ஜன்னல் கிடையாது. சுவரோரமாக அடுக்கடுக்காகக் கூண்டுகள், ஒவ்வொன்றும் செருப்புப் பெட்டி அளவு, ஒவ்வொன்றிலும் நாலு எலி. காற்றை உள்ளே தள்ளும் இயந்திரம் நாள் பூராவும் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் காது அதை விடாது.

வேலை என்னவோ சுலபம்தான். பழைய கூண்டிலிருந்து எலியை எடுத்துப் புதுக் கூண்டில் விட வேண்டும். அழுக்கு மரத்தூளையும், எலிகள் கிழித்துக் கட்டிய காகிதக் கூட்டையும் குப்பைப் பையில் கொட்ட வேண்டும். ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பளபளவென்று புதுக் கூண்டில் கொண்டுபோய் விட்டால் எலிகளுக்குத் தங்கள் வாசனை தெரியாது. அன்னியர் மாதிரி ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொள்ளும். அதனால் பழைய கூட்டிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துப் புதுக் கூண்டின் மூலையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கிள்ளை மறந்தவர்களின் கூண்டில் வால் அறுந்த எலி கிடைக்கும். பதினேழு வருடத்தில் எலியம்மாவின் கூண்டுகளில் ஒரு வால் அறுந்ததில்லை. அவள் கை அதைச் செய்வது அவளுக்கே தெரியாது. வீட்டில் தலையணை உறை மாற்றும்போதுகூடப் பழைய உறையை ஒரு தரம் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள்.

வீட்டில் இருப்பது பூனை. எலி மேய்க்கிறவள் வீட்டில் பூனை என்று எலிவீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். பதினொரு வயது மகள். சத்தமே இல்லாமல் முன்பாதத்தில் நடப்பாள் என்பதால் இரண்டு வயதில் அவள் அப்பா ஆசையாக வைத்த பேர் அது. மூன்று வயதில், அப்படி நடப்பதற்கும், பேசாததற்கும், கூப்பிட்டால் திரும்பாததற்கும் சேர்த்து ஆட்டிசம் என்று ஒரே பேராக ஆஸ்பத்திரியில் வேறொருவர் வைத்தார். அன்றையிலிருந்து அப்பா பூனை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எதுவும் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன எதையும் கிளப்பிவிடுவார் என்று பேர் வாங்கினவர். அந்தப் பெருமையே அவருக்கு எமனாகிவிட்டது. கிளப்ப முடியாத ஒன்று தன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"நாள் பூரா எலிப் புழுக்கையில கைய விட்டுட்டு வர்ற. அந்தக் கையாலதானே பால் குடுத்த?" என்பார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டு வாடகை விஷயம் பேசுவது மாதிரி.

"குளிச்சுட்டுத்தாங்க வர்றேன். ரெண்டு தடவை."

"குளிச்சா போற நாத்தமா அது?"

பூனை மூன்றே மூன்று பொருள் சாப்பிடுவாள். ஓரம் வெட்டிய வெள்ளை ரொட்டி, உப்பில்லாமல் வேகவைத்த உருளைக்கிழங்கு, சதுர பிஸ்கட். பிஸ்கட் உடைந்திருந்தால் அன்றைக்குப் பட்டினி. வாய்க்குப் பக்கத்தில் யார் கை போனாலும் பிடிக்காது. பல் தேய்ப்பதுகூட அவளே, கண்ணாடியைப் பார்த்து, எண்ணி வைத்த மாதிரி இருபது இழுப்பு. அவளுடைய பெரிய சங்கடம் வயிறு. ஐந்து நாள், ஆறு நாள் வெளிக்குப் போகாது. ஆறாம் நாள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து நெற்றியைச் சுவரில் முட்டுவாள். எலியம்மா சுவருக்கும் நெற்றிக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார்.

அப்படி இருந்த எலியம்மாவிடம்தான் ஒருநாள் டாக்டரம்மா வந்து, "குடலுக்கும் மூளைக்கும் நடுவுல ஓயாம ஒரு பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு, தெரியுமா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுல மனுஷங்களுக்கு நடுவுலயே அது இல்ல டாக்டரம்மா."

டாக்டரம்மா சிரித்தாள். அவள் மனித மருத்துவர். எலிவீட்டின் வடக்கு அறை முழுக்க அவளுடைய ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தாள். நல்ல உடுப்பு, தாழ்ந்த குரல், யாரிடமும் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. அவள் விளக்கினதை எலியம்மா தன் பாஷையில் இப்படி வாங்கிக்கொண்டாள்: வயிற்றுக்குள் கோடி கோடியாகக் கிருமிகள் குடியிருக்கின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு அந்தக் குடித்தனம் மற்றவர்களுக்கு இருப்பது போல இல்லை. அது நடத்தையையும் பாதிக்கிறதா என்று பார்க்க, வயிற்றில் ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த எலிகளை எடுத்து, பாதிக்குச் சாதாரணப் பிள்ளைகளின் மலத்திலிருந்து எடுத்த கிருமிகளையும், பாதிக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மலத்திலிருந்து எடுத்ததையும் கொடுத்திருந்தார்கள்.

முதல் பாதியை அறையில் எல்லாரும் "நல்லதுகள்" என்றார்கள். அடுத்த பாதி "மற்றதுகள்". மற்றதுகள் மூலையில் தனித்தனியாக உட்கார்ந்தன. கோலிக்குண்டு போட்டால் விடாமல் மரத்தூளில் புதைத்துக்கொண்டே இருந்தன. தோள்பட்டை சொட்டையாகிற வரைக்கும் தன்னைத்தானே நக்கிக்கொண்டன. எலியம்மாவுக்கு அந்த அறையில் நுழைந்தாலே தன் வீட்டுக் குளியலறை ஞாபகம் வந்தது.

டாக்டரம்மாவின் மாணவி ஒருத்தி கூடவே இருந்தாள். தடிமனான கண்ணாடி போட்டவள் என்பதால் கண்ணாடிக்காரி. எலிகள் எத்தனை கோலிக்குண்டு புதைக்கின்றன என்று எண்ணுவது அவள் வேலை.

"அக்கா, ஒரு விஷயம் சொல்றேன், டாக்டரம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்றாள் ஒருநாள். "சில பேர் இதைத் தலைகீழாச் சொல்றாங்க. இந்தப் பிள்ளைங்க ரெண்டு மூணு வகைதான் சாப்பிடுது, அதனாலதான் வயித்துல கிருமி வகை குறையுது, கிருமியால பிள்ளை இப்படி ஆகலைன்னு."

"அப்ப எலி ஏன் மூலையில உக்காருது?"

"அதான் தெரியல. தெரிஞ்சிருந்தா நான் ஏன் கோலிக்குண்டு எண்ணப் போறேன்?"

இரண்டாம் கட்டம் வந்தது. டாக்டரம்மா சில நல்ல கிருமிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு சொட்டு மருந்து தயாரித்திருந்தாள். மற்றதுகளில் பாதிக்கு அந்தச் சொட்டு, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். நாலு வாரம்.

மருந்து கொடுத்த இரண்டாம் நாளே அந்த எலிகளுக்கு வயிறு கழிந்தது. மூன்றாம் நாள் எலியம்மா கூண்டு மாற்றப் போனாள். அந்த அறையில் ஒரு வரிசை உண்டு: முதலில் நல்லதுகள், பிறகு மற்றதுகள். சுத்தமானதிலிருந்து அழுக்குக்குப் போனால் தொற்று பரவாது. நல்லதுகளின் கூண்டெல்லாம் மாற்றி, அவற்றின் பழைய கூட்டையெல்லாம் வாய் திறந்த குப்பைப் பையில் போட்டுவிட்டு, சொட்டு மருந்துக் கூண்டைத் திறந்தாள். கூடு முழுக்க நனைந்து கூழாகக் கிடந்தது. கிள்ளுவதற்கு ஒரு உலர்ந்த நூல்கூட இல்லை. நாலு சொட்டை எலிகளும் நடுங்கிக்கொண்டு நின்றன.

அவள் கை பக்கத்தில் இருந்த பைக்குள் போனது. நல்லதுகளின் கூட்டிலிருந்து ஒரு கிள்ளு, உலர்ந்து, கதகதப்பாக. புதுக் கூண்டின் மூலையில் வைத்தாள். ஆண் எலியாக இருந்தால் வேற்று வாசனைக்குச் சண்டை வரும். இவை பெண்கள், ஒத்துப்போகும் என்று மட்டும் ஒரு நொடி யோசித்தாள். எலிகள் அதற்குள் ஓடிப்போய்ப் புகுந்துகொண்டன. பன்னிரண்டு சொட்டு மருந்துக் கூண்டுக்கும் அப்படியே செய்தாள். உப்புத் தண்ணீர்க் கூண்டுகளில் கூடு உலர்ந்திருந்தது. அவற்றுக்கு அவற்றின் கூடே. அடுத்த வாரமும் வயிறு கழிந்துகொண்டிருந்தது, அதற்கடுத்த வாரமும் அப்படியே. நாலு வாரம்.

நாலாம் வாரக் கடைசியில் சொட்டு மருந்து எலிகளுக்குத் தோளில் முடி முளைத்தது. மூலையை விட்டு வெளியே வந்து ஒன்றையொன்று முகர்ந்தன. உப்புத் தண்ணீர் எலிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

மேல்மாடியில் கேக் வெட்டினார்கள். கூண்டு கழுவுகிறவர்களை அந்த மாடிக்குக் கூப்பிடுவது வழக்கமில்லை; அன்றைக்கு டாக்டரம்மாவே ஆள் அனுப்பினாள். எலியம்மா ஈரத் தலையோடு ஓரமாக நின்றாள். கண்ணாடிக்காரி திரையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"மருந்துதான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க?" என்று விருந்தாளி ஒருவர் கேட்டார்.

"மத்தபடி எல்லாம் ஒண்ணு சார். அதே தீனி, அதே தண்ணி, அதே வெளிச்சம், அதே ஆளு கூண்டு மாத்தினாங்க. எலிங்க ஒண்ணோட புழுக்கைய ஒண்ணு தின்னும், அதனால ஒரு கூண்டு அழுக்கு இன்னொரு கூண்டுக்குப் போகக் கூடாது. போகவே இல்ல. மருந்து மட்டும்தான் வித்தியாசம்."

எலியம்மாவின் கையில் இருந்த கேக் தட்டு சாய்ந்தது. புழுக்கை. கூட்டில் ஒட்டியிருக்கும் புழுக்கை. பதினேழு வருடம் வாசனை என்று நினைத்துக் கிள்ளி வைத்தாளே, அதில் புழுக்கையும்தான் போயிருக்கிறது. நல்லதுகளின் வயிற்றில் இருந்த அத்தனை கிருமிகளையும் அவள் கையாலேயே ஊட்டியிருக்கிறாள். மருந்து வேலை செய்ததா, அவள் கிள்ளு வேலை செய்ததா, இனி ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வாயைத் திறக்கத்தான் போனாள். அதற்குள் டாக்டரம்மா அவள் தோளில் கை போட்டுவிட்டாள்.

"எலியம்மா, அடுத்தது பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பார்க்கப் போறோம். அனுமதி வர ஆறு மாசம் ஆகும். உங்க பொண்ணுக்குத்தான் முதல் இடம். நான் முடிவு பண்ணிட்டேன்."

திறந்த வாயால் எலியம்மா கேக்கைச் சாப்பிட்டாள்.

வீட்டில் சொன்னபோது கணவர் திருப்புளியைக் கீழே வைத்தார். இரண்டு தடவை சொல்லச் சொன்னார். எழுந்து பூனையின் அறை வாசல் வரைக்கும் போய் நின்றார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக, "பூனை" என்றார். அவள் திரும்பவில்லை. அவருக்கு அதில் வருத்தமில்லை. "பரவால்லடி, இன்னும் ஆறு மாசம்தானே" என்றார். அன்றையிலிருந்து தொலைக்காட்சிச் சத்தம் கூடவில்லை. வேலை விட்டு வரும்போது சதுர பிஸ்கட், உடையாமல் இருக்க அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே உருளைக்கிழங்கு தோலுரித்தார். எலிக் கையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

ஆறு மாதமும் எலியம்மா வாயைத் திறக்கவில்லை. இதைப் பயம் என்று சொன்னால் அவளுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அந்த வீட்டில் அவள் கல்யாணமானதிலிருந்து பார்த்த நல்ல காலம் அதுதான்.

பிள்ளைகளுக்கான ஏற்பாடு வந்தது. வயிற்றில் இருக்கிற பழைய கிருமிகளை விரட்டுவதற்கு முதலில் இரண்டு வாரம் வீரியமான ஆன்டிபயாடிக். பிறகு ஒரு நாள் வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்து. பிறகு தினம் காலையில் சொட்டு, எட்டு வாரம். கையெழுத்துப் போட்டது அப்பா. பேனாவை வாங்கி, பேரை அழுத்தி, அடியில் கோடு வேறு போட்டார்.

வாய்க்குப் பக்கத்தில் கை போகக் கூடாத பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை கசப்பு மருந்து. முதல் நாள் எலியம்மாவின் விரலைக் கடித்தாள். இரண்டாம் நாள் அப்பா பின்னாலிருந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார். லிஃப்ட் கம்பியை இழுத்துப் பழகிய கை.

"தாடையை அழுத்துடி! ரெண்டு பக்கமும்! எலிக்கு எப்படிக் குடுக்குற?"

"எலிக்கு நான் குடுக்குறதில்லங்க. கண்ணாடிக்காரிதான் குடுப்பா."

"சரி, இப்பக் கத்துக்க."

கற்றுக்கொண்டாள். மூக்கைப் பிடித்தால் மூச்சுக்கு வாய் திறக்கும், திறந்ததும் கரண்டியை நாக்கின் நடுவில் அழுத்திக் கவிழ்க்க வேண்டும். நாலாம் நாளே கை பழகிவிட்டது. அவள் கை எதையும் சீக்கிரம் பழகும். பத்தாம் நாள் வயிறு கழியத் தொடங்கியது. ரொட்டி நின்றது. உருளைக்கிழங்கு நின்றது. பதினாலாம் நாள் எடை பார்த்தபோது நாலு கிலோ குறைந்திருந்தது. குளியலறையில் பூனை நெற்றியை முட்ட வந்தாள். எலியம்மா வழக்கம்போல உள்ளங்கையை வைத்தாள். பூனை அந்தக் கையைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து, வெறும் சுவரில் போய் முட்டினாள்.

மறுநாள் காலை எலியம்மா குளிக்காமல், உடுப்பு மாற்றாமல், நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். நனைந்த கூடு, குப்பைப் பை, பன்னிரண்டு கூண்டு, நாலு வாரம். டாக்டரம்மா ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. தேதிகளைக் கேட்டாள், எழுதிக்கொண்டாள். கண்ணாடிக்காரி ஓரத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல டாக்டரம்மா."

"நல்லது." பேனாவை மூடினாள். "நீங்க பயப்படுற அளவுக்கு ஒண்ணும் இல்ல. யோசிச்சுப் பாருங்க. நல்ல எலியோட வயித்துல இருக்குற கிருமியும் நல்ல கிருமி, என் மருந்துல இருக்குறதும் நல்ல கிருமி. ரெண்டும் ஒரே பக்கம்தானே இழுக்குது? நீங்க சொன்னதால என் கருத்து இன்னும் பலமாத்தான் ஆகுது."

"அப்ப மருந்து தனியா வேலை செய்யுமா டாக்டரம்மா?"

"அதைப் பார்க்கத்தானே பிள்ளைங்களுக்குக் குடுக்குறோம்."

அவ்வளவு இனிமையாகச் சொன்னாள். எலியம்மாவுக்கு ஒரு நிமிடம் மனசு லேசாகிவிட்டது. படியிறங்கிப் பாதி வழி வந்தபிறகுதான் அந்தப் பதிலின் பாரம் தெரிந்தது.

அன்றைக்குச் சாயந்தரத்துக்குள் வடக்கு அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: பழைய கூட்டைப் புதுக் கூண்டுக்கு மாற்றுதல் இன்று முதல் தடை. எலியம்மாவைத் தண்ணீர்ப் பாட்டில் கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். எலியைப் பார்க்காத வேலை. கூண்டு மாற்ற வந்த புது ஆள் கையில் முதல் வாரமே மூன்று வால் போனது. "விதிப்படிதான் செஞ்சேன்" என்றான், அதுவும் சரிதான்.

அன்று இரவே வீட்டில் கணவரிடமும் சொன்னாள். நிறுத்திவிடலாம் என்றாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரைக்கும் சாப்பிட்டார். கை கழுவினார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லன்னாங்க. ஆனா..."

"படிச்சவங்க ஒண்ணுமில்லங்கிறாங்க. பாட்டில் கழுவுறவ நிறுத்துங்கிற." துண்டை மடித்தார். "உனக்கு அவ சரியாகுறது பிடிக்கல. அவ சரியாயிட்டா உனக்கு இந்த வீட்டுல என்ன வேலை? அதான்."

"என்னங்க, பிள்ளை நாலு கிலோ..."

"கையெழுத்து என்னோடது. நாளைக்குக் காலையில சொட்டு. நீதான் குடுக்கணும், உன் கைக்குத்தான் பழகியிருக்கு."

எட்டு வாரம். ஐம்பத்தாறு காலை. முதல் மூன்று வாரம் அவர் பிடித்தார், இவள் திறந்தாள். கடி, உதை, வாந்தி. ஒருநாள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். "மருந்து குடுக்குறோம்" என்றார் கணவர். "அப்படியா, ஆடு வெட்டுறீங்களோன்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு போனாள்.

நாலாம் வாரம் கடி நின்றது. ஐந்தாம் வாரம் பிடிக்கத் தேவையிருக்கவில்லை. ஆறாம் வாரம், எலியம்மா சமையலறையிலிருந்து வரும் காலடி கேட்டதும் பூனை சுவரோரமாக வந்து நிமிர்ந்து உட்கார்ந்து, கையைத் தொடைமேல் வைத்து, வாயைத் திறந்து காத்திருந்தாள். கண் மூடியிருந்தது.

"பார்த்தியா? பார்த்தியாடி?" என்று கணவர் துள்ளினார். "சொன்னா கேக்குறா! நம்ம பிள்ளை சொன்னா கேக்குறா!"

யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எட்டாம் வாரம் முடிந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். பெற்றோர் இருவரும் தனித்தனியே ஒரு படிவம் நிரப்ப வேண்டும், ஆறு பக்கம், கட்டத்தில் குறி போடுகிற மாதிரி. சாயந்தரம் முடிவு சொல்வார்கள். முன்னேற்றம் இல்லாத பிள்ளைகள் அத்தோடு வீட்டுக்குப் போகலாம். முன்னேற்றம் இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வருடம் சொட்டு. இதைக் கண்ணாடிக்காரி குரலைத் தாழ்த்தி எலியம்மாவிடம் மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

எலியம்மா படிவத்தைப் படித்தாள். பிறர் தொடும்போது எதிர்ப்பு முன்பைவிடக் குறைந்துள்ளதா? கத்துவது, கடிப்பது குறைந்துள்ளதா? சொன்ன இடத்தில் உட்காருகிறாளா? உண்மை எழுதினால் எல்லாவற்றுக்கும் மிகவும் என்றுதான் குறி போட வேண்டும். ஏன் என்று எழுத ஆறு பக்கத்திலும் ஒரு வரிகூட இடம் விடவில்லை. அவள் வாழ்க்கையில் எந்தத் தாளிலும் பொய் எழுதினவள் இல்லை. பேனாவை இறுக்கிப் பிடித்து, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் மாற்றமில்லை, மாற்றமில்லை, மாற்றமில்லை என்று குறி போட்டாள். இன்னும் ஒரு வருடம் பூனையின் வாயைத் தன் கையால் திறக்கும்படி ஆகக் கூடாது. அவளுக்கு அது போதும். எலி, மருந்து, ஆராய்ச்சி, கணவர், எது எப்படிப் போனாலும் சரி.

படிவத்தைக் கொடுத்தபிறகுதான் வீடியோ இருப்பது தெரிந்தது. பூனையைப் பொம்மைகள் இருக்கும் ஒரு அறையில் இருபது நிமிடம் உட்கார வைத்து, கண்ணாடிக்காரி கூடவே உட்கார்ந்து, சுவரிலிருந்த கேமராவில் பதிவு செய்திருந்தார்கள். எட்டு வாரத்துக்கு முந்தைய பதிவும் இருந்தது. இரண்டையும் பக்கம் பக்கமாகத் திரையில் ஓடவிட்டாள் டாக்டரம்மா.

முந்தைய பதிவில் பூனை பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்கினாள், கலைத்தாள், அடுக்கினாள். முன்பாதத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். தனக்குத்தானே முனகிக்கொண்டாள். ஒரு தடவை, எதற்கென்று தெரியாமல், வாய்விட்டுச் சிரித்தாள். இருபது நிமிடத்தில் ஒரு முறைகூடக் கண்ணாடிக்காரியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதிய பதிவில் பூனை கார்களைத் தொடவில்லை. சுவரோரமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் கண்ணாடிக்காரி மேலேயே இருந்தது. அவள் பேனாவை எடுத்தால் அங்கே. பையைத் திறந்தால் அங்கே. எழுந்தால் அங்கே.

"திரும்பத் திரும்பச் செய்யுற பழக்கம் பூஜ்யம்" என்றாள் டாக்டரம்மா. "எதிரில் இருக்குறவங்களைப் பார்த்தது நூத்தி நாற்பது தடவை. முன்னாடி ஒண்ணுகூட இல்ல."

"அவ ஆளைப் பார்க்கல டாக்டரம்மா" என்றாள் எலியம்மா. "கையைப் பார்க்குறா. கரண்டி வருதான்னு பார்க்குறா."

"கேமரா இருக்குற தூரத்துல அந்த வித்தியாசத்தை எடுக்க முடியாதும்மா. பார்த்தா பார்த்ததுதான்." டாக்டரம்மா எலியம்மாவின் படிவத்தை எடுத்து மேசையின் ஓரமாக நகர்த்தினாள். கோபமில்லை, தாழ்ந்த குரல்தான். "நீங்க எழுதினது வீடியோவோட கொஞ்சமும் ஒத்துப்போகல. களைச்சிருக்கீங்க, புரியுது. இனி அப்பாவோட படிவத்தை மட்டும் எடுத்துக்குவோம்."

கணவர் அழுதுகொண்டிருந்தார். தோள் குலுங்க, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது எலியம்மா பார்த்ததில்லை.

கதவைத் திறந்து பூனையை உள்ளே அழைத்து வந்தார்கள். சத்தமில்லாமல் நடந்து வந்தவள் அறை நடுவில் நின்றாள். எலியம்மாவைப் பார்த்தாள். எலியம்மாவின் இரண்டு கையும் காலியாகத்தான் இருந்தது. விரித்துக் காட்டக்கூடச் செய்தாள். பூனை சுவரைத் தேடிப் போய் அதை ஒட்டி உட்கார்ந்தாள், கையைத் தொடைமேல் வைத்தாள், கண்ணை மூடி, வாயைத் திறந்தாள்.

"ஐயோ, பேச வர்றா!" என்றாள் டாக்டரம்மா. முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "யாரும் சத்தம் போடாதீங்க. பதிவு பண்ணு, பதிவு பண்ணு!"

கண்ணாடிக்காரி கேமராவைத் திருப்பினாள். கணவர் மகள் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணீரோடு, அவள் வாய்க்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனார்.

"அப்பா சொல்லு. சொல்லுடா கண்ணு. அப்பா."

வாய் திறந்தே இருந்தது. எச்சில் ஒரு இழையாகத் தாடையில் இறங்கியது. எல்லாரும் காத்திருந்தார்கள். இன்னும் ஒரு வருடத்துக்கான சொட்டு மருந்தின் முதல் பெட்டியை யாரோ எலியம்மாவின் கையில் கொண்டுவந்து வைத்தார்கள்.